குழாய் புதைக்கும் முன் மண்ணை அளப்போம்: குமரி மாவட்டத்துக்கான நிலவெப்ப அளவீட்டு வழிகாட்டி

"பத்தடி தோண்டிக் குழாய் போட்டா வீடு ஏசி போல ஆயிருமாமே, உள்ளதாண்ணே?" தக்கலைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்த சொந்தக்காரத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டது இது. அவர் கைபேசியில் காட்டிய படம் ஜெர்மனியில் உள்ள ஒரு வீட்டினுடையது. தோட்டத்து மண்ணுக்குள் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பாய் விரித்ததுபோல் பிளாஸ்டிக் குழாய், அதற்குள் சுற்றிவரும் நீர், வீட்டுக்குள் ஒரு வெப்பப் பம்பு. வெளியே பனி கொட்டினாலும் மண்ணுக்குள் தங்கியிருக்கும் வெப்பத்தை அந்தப் பம்பு இழுத்து வீட்டைச் சூடாக்குகிறது. ஆழமில்லாத நிலவெப்ப முறை என்று இதைச் சொல்கிறார்கள். அந்த ஊர்களில் சில மீட்டர் ஆழத்து மண் ஆண்டுச் சராசரியாக 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்.

நமக்கு வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை. ஆனால் அதே மண்ணும் குழாயும் பம்பும் இங்கே வேறு வேலைகளுக்கு வரும். தங்கும் விடுதிக்கு வெந்நீர், ரப்பர் ஷீட் உலர்த்தச் சூடான காற்று, பால் குளிரூட்டும் இடத்திலிருந்து வெளியேறும் வெப்பத்தைக் கொட்ட ஓர் இடம் என்று பட்டியல் நீளும். எதற்கானாலும் முதலில் தெரியவேண்டியது ஒன்றுதான்: உங்கள் விளையின், அதாவது தோட்ட நிலத்தின், மண் எந்த ஆழத்தில், எந்த மாதத்தில், எத்தனை டிகிரியில் இருக்கிறது? வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து இதைத் தீர்மானித்தால் பணம் போவது உறுதி. அளந்துதான் ஆகவேண்டும், அதுவும் ஒரு முழு வருடம்.

இது புதிய யோசனையும் அல்ல. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் 1837-லேயே 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்களில் நீண்ட வெப்பமானிகளைப் புதைத்தார். பாறை, மணல், மணற்கல் என்று மூன்று வகை நிலத்தில் அளந்து, மூன்றும் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை என்று காட்டினார். நமக்கு இன்னும் நெருக்கமானவர் ஜான் கால்டிகாட். நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், திருவனந்தபுரம் வானாய்வகத்தின் முதல் தலைவராக இருந்தவர். 1840-களில் அங்கே மண்ணுக்குள் வெப்பமானிகளை இறக்கி ஆண்டுக்கணக்கில் படித்துக் குறித்தார். இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஒருவர் இந்த வேலையை அப்போதே செய்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் உற்சாகம் தரும் செய்தி.

நம் மண்ணில் வெப்ப அலை எப்படி இருக்கும்

வெயில் மண்ணின் மேல்பரப்பைச் சூடாக்குகிறது, இரவு குளிர்விக்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஓர் அலையாகக் கீழே இறங்குகிறது. இறங்க இறங்க இரண்டு மாற்றம் நடக்கும். அலையின் உயரம் குறையும், உச்சம் வந்து சேரும் நேரம் தள்ளிப்போகும். அலையின் உயரம் 37 சதவீதமாகச் சுருங்கும் ஆழத்தை இங்கே தேய்வு ஆழம் என்று அழைப்போம். சாதாரண ஈரப்பதமுள்ள மண்ணில் ஒரு நாள் அலைக்கு இது 10 முதல் 15 செ.மீ. வரை. வருட அலைக்கு அதைப்போல சுமார் 19 மடங்கு. 365-இன் வர்க்கமூலம் 19.1 என்பதுதான் அதற்குக் காரணம். அதாவது இரண்டிலிருந்து மூன்று மீட்டர்.

இதுவரை சொன்னது எல்லா நாட்டுக்கும் பொருந்தும். நம் மாவட்டத்தில் இரண்டு வேறுபாடுகள் உண்டு. நாம் இருப்பது வட அட்சம் 8 டிகிரிக்குச் சற்று மேலே. சூரியன் ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டி ஒருமுறையும், ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் மறுமுறையும் நம் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. இடையில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை, அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைவித்த ஊர் இது. மண்ணின் வெப்பத்துக்கும் அப்படி இரண்டு மேடு, இரண்டு பள்ளம் வரும். ஜெர்மனியில் ஒரே மேடு, ஒரே பள்ளம்.

இரண்டாவது, நம் மேடும் பள்ளமும் சிறியவை. குளிர்நாடுகளில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே மாதச் சராசரி 20 டிகிரி வரை மாறும். இங்கே மாற்றம் சில டிகிரிதான். அதனால் ஆழத்தில் ‘குளிர்ச்சி’ சேர்ந்து கிடக்காது. மூன்று மீட்டரில் கிடைப்பது வருடச் சராசரி, அதாவது 28 டிகிரியை ஒட்டிய ஒரு நிலையான வெப்பம். மேலே நிழலா வெயிலா, மழைநீர் உள்ளே இறங்குகிறதா வழிந்து ஓடுகிறதா என்பவை, இன்னும் ஒரு மீட்டர் தோண்டுவதைவிட இங்கே அதிகம் தீர்மானிக்கின்றன. அளவீட்டை அதற்கேற்றபடிதான் அமைக்கவேண்டும்.

இடம்

பல ஆழங்களில் சென்சார்களை வைத்து மண்ணுக்குள் இறக்கும் ஓர் அளவீட்டுத் தொகுதியை இங்கே கம்பம் என்று அழைப்போம். ஒரே ஒரு கம்பம் போதாது. குறைந்தது இரண்டு வேண்டும்: ஒன்று திறந்த வெயிலில், மற்றொன்று நிழலில். குழாய் எங்கே வரப்போகிறதோ அங்கே ஒன்று என்பது கட்டாயம். கழிவுநீர்த் தொட்டி, கிணறு, வீட்டுச் சுவர், சிமெண்ட் தளம் இவற்றிலிருந்து ஐந்து மீட்டராவது விலகி இருங்கள்.

மாவட்டத்துக்குள்ளேயே நிலம் மாறிக்கொண்டே போகிறது. குலசேகரம், திருவட்டார், அருமனைப் பக்கம் மழை அதிகம், ரப்பர் நிழல் அடர்த்தி, அடியில் வெட்டுக்கல். வெட்டுக்கல்லில் துளைகள் உண்டு, மழைநீர் அதற்குள் புகுந்து ஓடும். ஆரல்வாய்மொழி கணவாயை ஒட்டி மழை குறைவு, காற்று பலம், மண் காய்ந்து கிடக்கும். காய்ந்த மண் வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தம். குளச்சல் பக்கம் கடற்கரை மணலில் தோண்டினால் ஒன்று தெரியும்: மேலே காய்ந்த மணல், இரண்டு மூன்று மீட்டரிலேயே பல இடங்களில் தண்ணீர். இந்த வேறுபாடு பெரியது. காய்ந்த மணலின் வெப்பக் கடத்துத்திறன் ஒரு மீட்டர் கெல்வினுக்கு 0.4 வாட் அளவில் இருந்தால், நீர் நிறைந்த மணலில் அது 2.4 வாட் அளவுக்குப் போகும். ஆறு மடங்கு. அதே குழாய், அதே மணல், நீர்மட்டத்துக்கு ஓர் அடி மேலே போட்டால் ஒரு பலன், கீழே போட்டால் வேறு பலன்.

மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலைப் பற்றி ஒரு சொல். அதில் மோனசைட் இருக்கிறது, தோரியம் இருக்கிறது, ஆகவே மண் உள்ளிருந்து சூடாகுமா என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு ஒரு பங்கு மோனசைட் கொண்ட ஐந்து மீட்டர் மணல், ஒரு சதுர மீட்டருக்குத் தரும் வெப்பம் ஒரு வாட்டின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நண்பகல் வெயில் அதே ஒரு சதுர மீட்டரில் பல நூறு வாட் கொட்டுகிறது. கருமணல் சூடாவது அதன் நிறத்தால்தான், வெயிலை அது அதிகம் உறிஞ்சுகிறது. அந்த விளைவை மேல் சென்சாரில் தெளிவாகப் பார்க்கலாம்.

என்னென்ன வேண்டும்

டிஎஸ்18பி20 என்ற சென்சார் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. துருப்பிடிக்காத எஃகு முனை, மூன்று கம்பி கொண்ட வடம். ஒரே வடத்தில் பல சென்சார்களைக் கோக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. ஒரு கம்பத்துக்கு ஆறு வேண்டும்: 5 செ.மீ., 15 செ.மீ., 50 செ.மீ., 1 மீ., 2 மீ., 3 மீ. ஆழங்களுக்கு ஒவ்வொன்று. இதைத் தவிரக் காற்று வெப்பத்துக்கு ஒன்று, ஆள் நெஞ்சு உயரத்தில், வெயிலும் மழையும் படாமல், காற்று புகும் வெள்ளைப் பெட்டிக்குள். பதிவுக்கு இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை, நேரம் காட்டும் சிறு கடிகாரச் சில்லு, நினைவக அட்டை, 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று, சிறிய சோலார் பலகையும் பேட்டரியும்.

மின்னணுவியல் ஒத்துவராது என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. அடி மூடிய குறுகலான பிவிசி குழாய்களை ஆழத்துக்கு ஒன்றாக இறக்கி, ஒவ்வொன்றிலும் கயிற்றில் ஒரு சாதாரண வெப்பமானியைத் தொங்கவிடலாம். வெப்பமானியின் குமிழைச் சுற்றி மெழுகு வார்த்துக்கொள்ள வேண்டும். மெழுகு வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், ஆகவே மேலே இழுத்துப் படிக்கும் அந்த அரை நிமிடத்தில் அளவு மாறிவிடாது. ஒரு மீட்டருக்குக் கீழே ஒரு நாளில் எதுவும் மாறாது என்பதால், தினம் ஒருமுறை படித்து நோட்டில் எழுதினாலே போதும். இது குறைந்த தரமான வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். பொறுமை இருந்தால் நல்ல அளவே கிடைக்கும்.

கூடவே ஒரு மழைமானி. பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்தையும் வாரம் ஒருமுறை கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டையும்தான். மழைக்கணக்கு இல்லாமல் நம் மண்ணின் வெப்பக்கணக்கைப் புரிந்துகொள்ளவே முடியாது.

சென்சார்களை முதலில் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்

டிஎஸ்18பி20-க்குத் தயாரிப்பாளர் உறுதி தரும் துல்லியம் கூட்டியும் குறைத்தும் அரை டிகிரி. சந்தையில் போலிகளும் ஏராளம். மூன்று மீட்டர் ஆழத்தில் நாம் தேடும் ஏற்ற இறக்கமே ஒன்றிரண்டு டிகிரிக்குள் இருக்கும்போது, அரை டிகிரிப் பிழையை அப்படியே விட்டால் அளந்ததற்கு அர்த்தமே இல்லை.

எல்லாச் சென்சார்களின் முனைகளையும் ஒரு ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டுங்கள். மூடி உள்ள பெரிய தெர்மாகோல் பெட்டியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, கட்டிய முனைகளை நடுவில் மூழ்கவிட்டு, ஓர் இரவு முழுக்கப் பதிவு செய்யுங்கள். அவ்வப்போது கலக்கிவிட வேண்டும். மொத்தச் சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று எடுத்து, அதையே அந்தச் சென்சாருக்குரிய திருத்தமாக எழுதி வையுங்கள். இப்போது அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்.

உண்மையான டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனை. ஒன்று பனிக்கட்டி: குடிநீரில் உறையவைத்ததை நொறுக்கி, கொஞ்சம் தண்ணீரோடு குழைத்தால் சரியாக 0 டிகிரி. மீன் சந்தையின் பனிக்கட்டி வேண்டாம், உப்பு கலந்தால் அளவு இறங்கும். இரண்டாவது, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி. வெதுவெதுப்பான நீரில் 37 டிகிரியை ஒட்டி அதையும் சென்சார்களையும் ஒன்றாக வையுங்கள். அந்த எல்லைக்குள் அது பத்தில் ஒரு டிகிரி அளவுக்கு நம்பகமானது. 0-க்கும் 37-க்கும் திருத்தம் தெரிந்தால் இடையில் 28-க்கு எவ்வளவு என்று கணக்கிடலாம்.

கடைசியாக, முனையும் வடமும் சேரும் இடத்தில் எபாக்சி பூசி, உள்ளே பசை உள்ள சுருங்கும் உறையால் மூடுங்கள். கடைச் சரக்கில் தண்ணீர் புகுவது அந்த இடத்தில்தான். கடலோரத்தில் இதை இரட்டிப்பாகச் செய்யவேண்டும், உப்பு எஃகையும் தின்றுவிடும்.

குழியும் கம்பமும்

தை முதல் மாசி வரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், நீர்மட்டம் இறங்கத் தொடங்கியிருக்கும். இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன் மண் இறுகிச் சேர அவகாசமும் கிடைக்கும்.

சிறந்த முறை, நான்கு அங்குலக் கை துளைப்பானால் மூன்று மீட்டர் துளை போடுவது. வெட்டுக்கல்லில் கை துளைப்பான் ஏறாத இடங்களில் கிணறு வெட்டுகிறவர்களைக் கூப்பிடுங்கள், பாரைக்கம்பியோடு அவர்களுக்குத்தான் அந்தக் கல்லின் குணம் தெரியும். குழியாக வெட்டுவதானால் ஒன்றரை மீட்டருக்குக் கீழே பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்க வேண்டாம். மணலில் ஒரு மீட்டருக்கே இறங்காதீர்கள். தனியாக ஒருபோதும் கூடாது. மணல் சரிவதற்குக் கண் மூடித் திறக்கும் நேரம் போதும்.

தோண்டும்போது ஒவ்வொரு அரை மீட்டர் மண்ணையும் தனித்தனிக் குவியலாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து மூடிய டப்பாவில் போட்டு ஆழத்தை எழுதுங்கள், ஈரப்பதம் பார்க்கத் தேவைப்படும். எந்த வரிசையில் வந்ததோ அதற்குத் தலைகீழாக, அடிமண் அடியிலும் மேல்மண் மேலுமாகத் திரும்பப் போகவேண்டும்.

குழி முறையில், சென்சார் முனையைக் குழியின் பக்கச் சுவருக்குள், தோண்டப்படாத மண்ணுக்குள் கிடைவாட்டில் ஒரு சாண் ஆழம் செருகுங்கள். வடம் மேலே ஏறும் முன் அதே ஆழத்தில் ஒரு முழம் படுத்துக் கிடக்கட்டும். இல்லாவிட்டால் மேல்மண்ணின் சூடு செம்புக் கம்பி வழியாக முனைக்கு இறங்கும். துளை முறையில், சென்சார்களை ஒரு பிவிசி குழாயின் வெளிப்புறத்தில் கட்டி இறக்கி, குழாயின் உள்ளே மணலை நிரப்பி அடைத்துவிடுங்கள். இரும்புக் குழாய் வேண்டவே வேண்டாம், அதுவே வெப்பத்தைக் கடத்தும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் முதல் கம்பத்தில் நான் குழாயை வெறுமையாக விட்டேன், மண்ணையும் அவசரமாகத் தள்ளி மூடினேன். ஜூன் மாத முதல் பெருமழையில் ஒரு மீட்டர் சென்சாரும் இரண்டு மீட்டர் சென்சாரும் ஒரே மணி நேரத்தில் ஒன்றாக இறங்கின. முதலில் ஏதோ அதிசயம் கண்டுபிடித்த மகிழ்ச்சி. தோண்டிப் பார்த்தபோது குழாயை ஒட்டி நீர் இறங்கிய தடம் தெளிவாகத் தெரிந்தது. மழை மண் வழியாக இறங்கவில்லை, நான் விட்ட சந்து வழியாக இறங்கியிருக்கிறது. மூன்று மாதப் பதிவும் வீணானது. ஆகவே, ஒவ்வொரு அரை அடிக்கும் மண் போட்டு, கட்டையால் குத்தி இறுக்கி, அடுத்த அடுக்கைப் போடுங்கள். கடைசியில் கம்பத்தைச் சுற்றிக் களிமண்ணால் சிறு மேடு கட்டுங்கள், நீர் அங்கே தேங்காது.

வடத்தைக் கறையானும் எலியும் விடாது, மேல் ஒரு மீட்டருக்கு வயரிங் குழாய்க்குள் விடுங்கள். சித்திரை, ஐப்பசி இடிமழை மாலைகளில் நீண்ட வடம் மின்னலின் தாக்கத்தை வாங்கும். பதிவுப் பெட்டியைக் கம்பத்தின் அருகிலேயே வைத்து, வடத்தின் நீளத்தைக் குறைப்பதே நல்ல பாதுகாப்பு.

பதிவு

5, 15 செ.மீ. சென்சார்களுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒன்று. மற்றவற்றுக்கு மணிக்கு ஒன்று தாராளம். மூடிய பிறகு முதல் ஒரு மாதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், கலைந்த மண் நிலைக்கு வர அவ்வளவு நாள் பிடிக்கும்.

பட்டியலில் திடீரென 85 டிகிரி வந்தால் பயப்பட வேண்டாம். அளவெடுத்து முடிக்கும் முன்பே படித்துவிட்டால் அந்தச் சென்சார் தரும் தொடக்க எண் அது, முக்கால் நொடி காத்திருந்து படிக்கச் சொன்னால் சரியாகும். மைனஸ் 127 என்றால் வடம் எங்கோ அறுந்திருக்கிறது. இந்த எண்கள் சராசரிக்குள் நுழைந்துவிடாமல் முதலிலேயே களைந்துவிடுங்கள்.

பயன்படுத்தாத ஆழ்துளைக் கிணறு பக்கத்தில் இருந்தால் அது கூடுதல் வரம். சென்சாரை மெதுவாக, மேலிருந்து கீழாக, நீரைக் கலக்காமல் இறக்கி, மீட்டருக்கு ஐந்து நிமிடம் நிறுத்திப் படியுங்கள். பத்து மீட்டருக்குக் கீழே பருவ அலை ஏறக்குறைய செத்துவிடும். அங்கே கிடைக்கும் எண் உங்கள் நிலத்தின் பல வருடச் சராசரி. ஒரே நாளில் கிடைக்கும் இந்த எண்ணை உங்கள் கம்பத்தின் வருடச் சராசரியோடு பிற்பாடு ஒப்பிடலாம்.

கணக்கு

முதல் கணக்கை ஒரு வாரத்திலேயே போடலாம். மழையில்லாத, மேகமில்லாத ஐந்தாறு நாள் தேர்ந்தெடுங்கள். 5 செ.மீ. ஆழத்தில் நாள் உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, அதுதான் வீச்சு. 15 செ.மீ.-க்கும் அப்படியே. உதாரணத்துக்கு மேலே 5 டிகிரி, கீழே 2.2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் வகுத்து இயற்கை மடக்கை (ln) எடுத்தால் 0.82. ஆழ வித்தியாசம் 10 செ.மீ.-ஐ அதால் வகுத்தால் தேய்வு ஆழம் 12.2 செ.மீ.

இதே தேய்வு ஆழத்தை இன்னொரு வழியிலும் எடுக்கலாம். உச்சம் மேலே எப்போது வந்தது, கீழே எப்போது வந்தது? ஒரு தேய்வு ஆழத்துக்கு 3.8 மணி நேரம் தாமதம் என்பது விதி. நம் உதாரணத்தில் 10 செ.மீ.-க்கு 3 மணி 8 நிமிடம் தாமதம் வரவேண்டும். வீச்சு சொல்லும் எண்ணும் தாமதம் சொல்லும் எண்ணும் ஒத்துவந்தால் வெப்பம் மண் வழியாக மட்டுமே கடத்தப்படுகிறது என்று பொருள். ஒத்துவராவிட்டால், ஒன்று மண் அடுக்கு மாறுகிறது, அல்லது நீர் நடுவில் புகுந்து வெப்பத்தைச் சுமந்துபோகிறது. மழைக்காலத்தில் இந்தப் பிரிவு வரும், வரட்டும். அதுவும் ஒரு தகவல்தான்.

தேய்வு ஆழத்தை மீட்டரில் எழுதி வர்க்கமாக்கி, 3.1416-ஆல் பெருக்கி, ஒரு நாளின் 86,400 நொடியால் வகுத்தால் வெப்பப் பரவல் எண் வரும், மண்ணுக்குள் வெப்ப மாற்றம் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை அது சொல்லும். நம் உதாரணத்தில் நொடிக்கு 0.54 சதுர மில்லிமீட்டர். வருடத்துக்கான தேய்வு ஆழம் 12.2-ஐ 19.1-ஆல் பெருக்கினால் 2.33 மீட்டர், ஆழமான மண்ணும் மேல்மண் போலவே இருந்தால்.

இப்போது இதன் அர்த்தத்தைப் பாருங்கள். மேல்பரப்பில் வருட வீச்சு 3 டிகிரி என்றால், இரண்டு மீட்டரில் அது 1.3 டிகிரி, மூன்று மீட்டரில் 0.8 டிகிரி. கடைசி ஒரு மீட்டரைத் தோண்டிய கூலிக்குக் கிடைத்தது அரை டிகிரிக்கும் குறைவு. மேலே நிழலும் சருகு மூடாக்கும் இருந்தால் மண்ணின் சராசரியையே அதைவிட அதிகமாக இறக்க முடியும். அது எவ்வளவு என்பதை உங்கள் நிழல் கம்பத்துக்கும் வெயில் கம்பத்துக்கும் உள்ள வித்தியாசமே காட்டிவிடும்.

வருடம் முடிந்ததும் ஒவ்வோர் ஆழத்தின் நாள் சராசரிகளையும் விரிதாளில் போட்டு, 12 மாத அலை ஒன்றையும் 6 மாத அலை ஒன்றையும் சேர்த்துப் பொருத்துங்கள். இரண்டுக்கும் சைன், கோசைன் நிரல்களை உருவாக்கி, விரிதாளின் லைனெஸ்ட் (LINEST) சார்பைக் கொடுத்தால் போதும். ஆறு மாத அலை சீக்கிரம் தேயும், அதன் தேய்வு ஆழம் வருட அலையுடையதை 1.41-ஆல் வகுத்தது. ஆகவே மேலே இரட்டை மேடாகத் தெரிவது மூன்று மீட்டரில் ஏறக்குறைய ஒற்றை மேடாக மாறும். வருட அலையின் தாமதம், நம் உதாரண மண்ணில், மீட்டருக்கு 25 நாள். மேலே சித்திரையில் வந்த உச்சம் இரண்டு மீட்டரில் 50 நாள் கழித்து, ஆனி ஒட்டி வரும். அப்போது வெளியே சாரல் விழுந்துகொண்டிருக்கும்.

மண்ணைச் சூடாக்கிப் பார்த்தல்

வெப்பம் எப்படி இருக்கிறது என்பது பாதி. குழாய் வெப்பத்தைக் கொடுத்தால் மண் எவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ளும் என்பது மறுபாதி. இதற்கான பெரிய சோதனையை 1983-ல் ஸ்வீடனில் மோகென்சன் முன்வைத்தார்: ஆழ்துளையில் ஒரே அளவான வெப்பத்தை இரண்டு மூன்று நாள் செலுத்தி, வெப்பநிலை ஏறுவதைப் பார்ப்பது. அதைச் சிறிய அளவில் நாமே செய்யலாம். இரண்டு மீட்டர் நீளச் சூடேற்றும் கம்பியைத் துளைக்குள் இறக்கி, அதன் நடுவில் ஒரு சென்சாரை ஒட்டி, மண்ணை இறுக்கி மூடுங்கள். மீட்டருக்கு 20 வாட், மொத்தம் 40 வாட். வீட்டு மின்சாரத்தில் நேரடியாகச் செருகாதீர்கள். நம் ஊர் மின்னழுத்தம் மாலையில் ஒன்று, நள்ளிரவில் ஒன்று, அது பத்து சதவீதம் குறைந்தாலே வாட் ஐந்தில் ஒரு பங்கு குறையும். நிலையான 12 வோல்ட் தரும் மின்வழங்கி வழியாகக் கொடுங்கள்.

முதல் பத்து மணி நேரம் துளைக்குள் போட்ட மண்ணின் குணத்தையே காட்டும், விடுங்கள். 10-ஆம் மணியிலிருந்து 40-ஆம் மணி வரை எத்தனை டிகிரி ஏறியது? அது 1.85 டிகிரி என்றால் கணக்கு இப்படி: 40-ஐ 10-ஆல் வகுத்த 4-க்கு இயற்கை மடக்கை 1.386. அதை 20 வாட்டால் பெருக்கி, 12.57-ஆலும் 1.85-ஆலும் வகுத்தால் கடத்துத்திறன் 1.19 வாட். சித்திரை வறட்சியில் ஒருமுறை, ஐப்பசி ஈரத்தில் ஒருமுறை செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் உங்கள் மண்ணை நம்பலாமா வேண்டாமா என்று சொல்லும்.

எண்களை வைத்து முடிவெடுத்தல்

காற்றைக் குழாய் வழியாக மண்ணுக்குள் ஓட்டி அறைக்குள் விடும் திட்டம்தான் தக்கலைத் தம்பி கேட்டது. மண் 28 டிகிரி, சித்திரைப் பிற்பகல் காற்று 34 டிகிரி என்றால் சில டிகிரி குறையும், உண்மை. ஆனால் ஏசி தரும் சுகம் வராது. நம் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 23 முதல் 25 டிகிரி. 28 டிகிரிக் குழாயில் காற்றின் ஈரம் ஒடுங்கி வெளியேறாது, புழுக்கம் அப்படியே உள்ளே வரும். மழை இரவில் வெளிக்காற்று 25 டிகிரி இருக்கும்போது அதே குழாய் காற்றைச் சூடாக்கி அனுப்பும். அவரிடம் நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மேற்கே இரண்டு மரம் வைத்து, கூரைக்கு மேல் நிழல் போடச் சொன்னேன்.

வெந்நீருக்கு வெப்பப் பம்பு என்றால், 28 டிகிரி மண் குளிர்நாட்டுக்காரர் பார்த்துப் பொறாமைப்படும் மூலம். ஆனால் நம் காற்றும் ஏறக்குறைய அதே வெப்பத்தில் இருக்கிறது. காற்றிலிருந்து எடுக்கும் பம்பே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும், குழி வெட்டும் செலவு மிச்சம்.

வெப்பத்தை மண்ணில் கொட்டும் திட்டம்தான் கவனமாக யோசிக்கவேண்டியது. ஜெர்மனியில் குளிர்காலத்தில் எடுத்த வெப்பத்தைக் கோடை திருப்பித் தந்துவிடும். நமக்கு அப்படி மாறும் பருவம் இல்லை. ஆண்டு முழுக்கக் குளிரூட்டியின் வெப்பத்தைக் கொட்டினால் மண் வருடத்துக்கு வருடம் சூடேறிக்கொண்டே போகும். அதை அள்ளிக்கொண்டு போகக்கூடியது மழையும் நிலத்தடி நீரோட்டமும் மட்டுமே. இரண்டு மீட்டர் சென்சார் உங்கள் கணக்கில் வந்த தாமதத்தைவிடச் சீக்கிரமாக, மழைமானியோடு ஒத்து இறங்கினால், அங்கே நீர் உண்மையிலேயே வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அந்த இடம் நல்ல இடம். அப்படி இறங்காத காய்ந்த மண்ணில், அதே நிலத்திலிருந்து வெப்பத்தை எடுக்கும் வேலை ஒன்றும் இருந்தால்தான் சரிப்படும். ரப்பர் ஷீட் உலர்த்தும் அறையும் பால் குளிரூட்டும் இடமும் ஒரே விளையில் இருந்தால், ஒன்று கொட்டுவதை மற்றது எடுத்துக்கொள்ளும். குமரி மாவட்டத்துக்கு மிகவும் பொருந்தும் திட்டம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

குழாய் போட்ட பிறகும் அளப்பதை நிறுத்த வேண்டாம். குழாயை ஒட்டி ஒரு சென்சார், அரை மீட்டர் தள்ளி ஒன்று, ஐந்து மீட்டருக்கு அப்பால் பழைய கம்பம் அப்படியே. ஒவ்வொரு வருடமும் வடகிழக்கு மழை ஓய்ந்த வாரத்தில் மூன்றையும் ஒரே நாளில் படித்து எழுதுங்கள். குழாய்ப் பக்கத்து எண்ணுக்கும் பழைய கம்பத்து எண்ணுக்கும் உள்ள இடைவெளி, போன வருடத்தைவிட அதிகமாகியிருந்தால், அடுத்த கோடைக்கு முன் கொட்டும் வெப்பத்தைக் குறைக்கவோ எடுக்கும் வேலையைக் கூட்டவோ வேண்டும்.